பேர்கனில் இருந்து கிர்க்கனஸ் வரை: கரையோரக் கப்பலில் எங்கே இறங்குவது, எங்கே இறங்காமல் நிற்பது

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ சொந்தத்தில் யாராவது போன் எடுத்து, "அக்கா, நோர்வேக் கப்பலுக்கு இடம் பதிஞ்சாச்சு. சுற்றுலா எல்லாத்தையும் இப்பவே வாங்கிறதோ?" என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: பொறு. முதலில் கப்பலின் நேர அட்டவணையை அச்சடித்து மேசையில் விரி. பேனையை எடு. கப்பல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் துறைமுகங்களுக்கு வட்டம் போடு. நடுச்சாமத்தில் தொட்டுவிட்டுப் போகிறவற்றைக் கோடு கிழித்து விடு. மிஞ்சுவதைப் பார்த்த பிறகு காசைப் பற்றிக் கதைப்போம்.

இந்தக் கப்பலை நான் முதலில் அறிந்தது சுற்றுலாக் கப்பலாக அல்ல. 1988இல் பின்மார்க் மாகாணத்தில், பொட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில், மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். புயலடித்து மலைப்பாதையை மூடினால் வெளியே போகக் கப்பல்தான். கிர்க்கனஸ் ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போனேன். மீன் பெட்டி, தபால் பை, கதிரையில் சாய்ந்து நித்திரை கொள்ளும் நான், எல்லாம் ஒரே கப்பலில். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் இதை ஒரு பஸ்ஸாகத்தான் பார்க்கிறேன். நீங்களும் அப்படிப் பார்த்தால் இந்தப் பயணம் பிடிக்கும். ஆட்டம் பாட்டம், சூதாட்ட மேசை எல்லாம் எதிர்பார்த்து ஏறினால் மூன்றாம் நாளே முகம் தொங்கிவிடும்.

பஸ் என்று சும்மா சொல்லவில்லை. 1893இல் ரிச்சர்ட் வித் என்ற கப்டன் 'வெஸ்தரோலன்' என்ற நீராவிக் கப்பலைத் துரொன்ஹைமில் இருந்து ஹாமர்பெஸ்டுக்கு ஓட்டித் தொடங்கிய தபால் சேவைதான் இது. 'ஹூர்ட்டிகுருத்தன்' என்றால் விரைவு வழி. இன்றைக்கு ஹூர்ட்டிகுருத்தன், ஹவிலா என்று இரண்டு நிறுவனங்கள் ஒரே வழியில், ஒரே அட்டவணைப்படி ஓடுகின்றன. பேர்கனில் இருந்து ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்க்கனஸ் வரை 34 துறைமுகங்கள். போய்த் திரும்ப பதினொரு இரவு. சரக்கு ஏற்றி இறக்குவதுதான் நிற்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது, உங்கள் படப்பிடிப்பு அல்ல.

முழுச் சுற்றுக்கும் காசு இல்லையென்றால் துண்டாக வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. துரொன்ஹைமில் ஏறித் துரொம்சோவில் இறங்கினால் இரண்டே இரவு. வடதுருவ வட்டம், லொபூத்தன் மலைகள், வடக்குக்குப் போகும்போது கோடை என்றால் துரோல்பியோர்ட் என்ற, மலைகளுக்கு நடுவே நீளும் ஒடுங்கிய கடல் நுழைவும், எல்லாம் அதற்குள் வந்துவிடும். ரயில் பாதை முடியும் ஊரான பூடோவில் ஏறி, பின்னேரம் கடலைக் கடந்து ஸ்வொல்வாரில் இறங்குவது இன்னும் மலிவு. அதற்கு அறைகூட வேண்டாம்.

அட்டவணையில் முதலில் பார்க்கவேண்டியது

வடக்கே போகும்போது இரவில் கடக்கும் ஊர்கள், தெற்கே திரும்பும்போது பெரும்பாலும் பகலில் வரும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஹாமர்பெஸ்ட் போகும்போது விடியக்காலை, வரும்போது மத்தியானத்துக்குக் கிட்ட. வார்தோ போகும்போது சாமம், வரும்போது பின்னேரம். ஆனால் ஓலசுந்தில் அந்தச் சலுகை கிடையாது, திரும்பும்போது அது நடுச்சாமத்தில்தான் வரும். வடக்கே போகும்போது பார்த்தால் பார்த்ததுதான். அதனால் இரண்டு வழியையும் எடுத்தவர்கள் ஒவ்வொரு ஊரையும் 'இப்பவே' என்றும் 'திரும்பும்போது' என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வழி மட்டும் என்றால் நான் தெற்கு நோக்கிய வழியைச் சொல்வேன். ஆட்கள் குறைவு, மலைகள் பகலில். வடக்கு முனை என்று பெயர்பெற்ற நோர்காப் பாறையைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தால் மட்டும் வடக்கு வழி.

பருவத்தையும் பாருங்கள். கோடையில் ஓலசுந்தைத் தொட்டுவிட்டுக் கைராங்கர் பியோர்டுக்குள் போவது வழக்கம், குளிர்காலத்தில் அது இல்லை, ஓலசுந்தில் நீண்ட நேரம் நிற்கும். கைராங்கர் பியோர்டில் புகை விடும் கப்பல்களுக்குச் சட்டம் இறுகிக்கொண்டு வருவதால், நீங்கள் போகும் மாதத்தில் எந்தப் பியோர்டுக்குள் கப்பல் நுழைகிறது என்பதைப் போன வருடம் போனவரிடம் கேட்காமல் அந்த வருட அட்டவணையிலேயே பாருங்கள்.

"நடுநிசிச் சூரியனும் வேண்டும், வடதுருவ ஒளியும் வேண்டும்" என்று கேட்காத விருந்தாளி எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. மே நடுப்பகுதியில் இருந்து யூலை இறுதிவரை நோர்காப்பில் சூரியன் மறைவதே இல்லை, இருட்டு வானத்தில் பச்சையாக அசையும் அந்த ஒளி வெளிச்ச வானத்தில் தெரியாது. ஒளிக்கு செப்டம்பர் கடைசியில் இருந்து மார்ச் கடைசிவரை. என்னைக் கேட்டால் மார்ச். பனி கிடக்கும், பகலும் நீண்டிருக்கும், இரவும் இருட்டாக இருக்கும்.

காலே போதும் என்ற ஊர்கள்

ஓலசுந்தில் 'ஊர் சுற்றிக் காட்டும்' பஸ்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். கப்பல் நிற்கும் இடத்தில் இருந்து ஊர் நடுவுக்குப் பத்து நிமிடம் ஆகாது. 1904 ஜனவரி 23ஆம் தேதி இரவு பற்றிய நெருப்பில் மரவீடுகள் எல்லாம் எரிந்து பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள். இறந்தது ஒரே ஒருவர். பிறகு கல்லாலும் செங்கல்லாலும் மூன்று நான்கு வருடத்தில் கட்டி எழுப்பியதால் ஊர் முழுக்க ஒரே காலத்துக் கட்டடங்கள்: கோபுர முனைகள், கதவுக்கு மேல் கொடி, பூ, ஆந்தைச் சிற்பங்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கவேண்டிய ஊர்.

அப்புறம் அக்ஸ்லா மலை. பூங்காவில் இருந்து 418 படி. படிகளில் இடைக்கிடை எண் எழுதியிருக்கும், அதைப் பார்த்தால் களைப்புக் கூடும், பார்க்காதீர்கள். நான் மூச்சு வாங்கி வாங்கி இருபத்தைந்து நிமிடத்தில் ஏறுவேன். மேலே நின்றால் தீவுகளில் ஊர் கால் நீட்டிக் கிடப்பதும், கீழே உங்கள் கப்பல் தீப்பெட்டி மாதிரி நிற்பதும் தெரியும். ஏற முடியாதவர்களை வாடகைக் காரில் அனுப்பலாம், மேலே வரை ரோட்டு இருக்கிறது. மழையென்றால் படி வழுக்கும்.

துரொன்ஹைமில்தான் நான் ஒரு தடவை நன்றாக மாட்டுப்பட்டேன். கப்பல் மூன்று மணி நேரமளவில் நிற்கும். துறைமுகத்தில் இருந்து நிதாரொஸ் பேராலயத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. 1030இல் ஸ்திக்லஸ்தா போரில் இறந்த ஒலாவ் அரசனின் கல்லறைக்கு மேல் எழுந்த கோயில், முகப்பு முழுக்க வரிசை வரிசையாகச் சிற்பம். "போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி, பார்க்க ஒன்றரை மணி, தாராளம்" என்று கணக்குப் போட்டு மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். போகும்போது சரி. உள்ளே போனதும் மாமி ஒரு மெழுகுதிரி ஏற்றி, வாங்கில் இருந்து கண்ணை மூடினார். எழும்பச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பிறகு ஆற்றங்கரைச் சிவப்புப் பண்டகசாலைகளை, பழைய பாலத்தில் நின்று பார்க்கவேண்டும் என்றார். வரும் வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதி வழியில் வாடகைக் காருக்குக் கை நீட்டினால் ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் என் மகன் முன்னால் ஓடி, நாங்கள் வருகிறோம் என்று சொல்ல, நானும் மாமியும் ஏறி இரண்டாவது நிமிடம் கப்பலில் ஏறும் பாலத்தை எடுத்தார்கள். மாமி மட்டும் அமைதியாக, "நான் கும்பிட்டது இதுக்குத்தான்" என்றார்.

அன்றைக்குப் படித்த பாடத்தை இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். கப்பலை விட்டு இறங்கும் இடத்தில் 'புறப்படும் நேரம்' எழுதிய பலகை இருக்கும். அதைப் போனில் படம் எடுங்கள். அட்டவணை பிந்தினால் பலகையில் உள்ள நேரமும் மாறும். அந்த நேரத்துக்கு அரை மணி முந்தித் திரும்பியிருக்கவேண்டும் என்று மனதில் வையுங்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் அறை அட்டையைக் காட்டினால் 'பீப்' என்று சத்தம் வரும், அதை வைத்து யார் உள்ளே, யார் வெளியே என்று அவர்களுக்குத் தெரியும். தெரியும் என்பதற்காகக் காத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கப்பல் காத்திருப்பது தன்னுடைய சுற்றுலா பஸ்ஸுக்குத்தான். தூர இடத்துக்குப் போகிறவர்கள் அதில் காசு கொடுத்துப் போவதற்கு இதுவே பாதிக் காரணம்.

துரொம்சோவில் வடக்கே போகும்போது நான்கு மணி நேரமளவில் கிடைக்கும். நீண்ட பாலத்தைக் கடந்தால் அக்கரையில் வெள்ளை முக்கோணங்களை அடுக்கியது போன்ற ஆர்க்டிக் தேவாலயம், 1965இல் கட்டியது. பாலத்தில் நடக்கலாம், காற்று முகத்தில் அறையும். அதற்கும் அப்பால் கம்பிவட வண்டி 421 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். மேகம் கீழே இறங்கியிருந்தால் போகவேண்டாம், வெள்ளையைத்தான் பார்ப்பீர்கள். வானம் துப்பரவாக இருந்தால் முதல் வேலையாக அங்கே போங்கள், பிந்தினால் கீழே வர வரிசை. கோடையில் கால் பலம் உள்ளவர்கள் நேபாளத்து ஷெர்ப்பாக்கள் கல் அடுக்கிய படியில் ஏறலாம். சுமார் 1,200 படி. இறங்கும்போது முழங்கால் நியாயம் கேட்கும்.

குளிர்காலத்தில் துரொம்சோ தெருக்கள் கண்ணாடி. சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ஆணி வளையத்தை இங்கே 'புரொடர்' என்பார்கள். ரப்பர் வளையத்தை முதலில் சப்பாத்தின் மூக்கில் கொளுவி, பிறகு குதிக்குப் பின்னால் இழுத்து விடவேண்டும். குதியில் இருந்து தொடங்கினால் விரலில் தெறிக்கும். இதைக் கப்பலில், கதிரையில் இருந்துகொண்டு, கையுறை போடுவதற்கு முதலே செய்யுங்கள். கடை, தேவாலயம் எதற்குள் போனாலும் கழற்றவேண்டும், தரை ஓடு கீறும், அதோடு ஓட்டில் ஆணி பனியைவிட மோசமாக வழுக்கும். என் மச்சாள் விழுந்தது பனியில் அல்ல, ஒரு கடை வாசல் ஓட்டில்.

ஹாமர்பெஸ்ட், திரும்பும்போது. துறையில் இருந்து பார்த்தாலே ஊருக்கு மேல் ஒரு சிறு குன்றும் அதில் வளைந்து வளைந்து ஏறும் பாதையும் தெரியும், இருபது நிமிட ஏற்றம். ஏறப் பிடிக்காதவர்கள் குடாவைச் சுற்றி நடந்து மெரிடியன் தூணுக்குப் போகலாம். பூமியின் உருவத்தை அளக்க 19ஆம் நூற்றாண்டில் கருங்கடல்வரை 2,820 கிலோமீட்டருக்கு எடுத்த ஸ்ட்ரூவ அளவையின் வடக்கு முனை அது. கலைமான் ரோட்டில் நின்றால் அதுதான் ஊர்க்காரன், நீங்கள் ஒதுங்குங்கள்.

வார்தோவில் ஒரு மணி நேரமளவில்தான். அரும்பொருளகம், கோட்டை என்று எல்லாவற்றுக்கும் ஓடாமல் நேரே கடற்கரையில் உள்ள ஸ்தைல்நெஸ் நினைவிடத்துக்கு நடவுங்கள். 17ஆம் நூற்றாண்டில் பின்மார்க்கில் சூனியக்காரர் என்று தீர்ப்பிட்டுக் கொன்ற 91 பேருக்கு, ஆளுக்கொரு சிறு யன்னலும் ஒரு விளக்கும். உள்ளே இருட்டு நடைபாதை, துணிச்சுவர், காற்றில் அது அசையும். பேசிக்கொண்டு போனவர்கள் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

காசு கொடுக்கவேண்டியவை

கப்பல் விற்கும் பெரிய சுற்றுலாக்கள் ஆளுக்கு ஆயிரம் குரோணருக்குக் குறைவது அரிது. நான்கு பேர் குடும்பம் நாளுக்கொன்று போனால் காசு மலை மாதிரி ஏறிவிடும். நான் மூன்றுக்குத்தான் கை நீட்டுவேன்.

முதலாவது நோர்காப். ஹொன்னிங்ஸ்வோக்கில் மூன்றரை மணி நேரமளவில் நிற்கும். அங்கிருந்து முப்பத்து நான்கு கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி. நடந்தோ நினைத்த நேரத்துக்குத் திரும்பியோ வர முடியாத தூரம், அதனால் கப்பலின் பஸ்தான் நிம்மதி. இது ஒன்றை மட்டும் முன்கூட்டியே வாங்குங்கள், இடம் முடிந்துவிடும். குளிர்காலத்தில் கடைசிப் பகுதியைப் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் ஓட்டுவார்கள், புயலென்றால் ரோட்டையே மூடுவார்கள். அப்படி மூடினால் சுற்றுலா ரத்து, அதற்கும் மனதைத் தயார் பண்ணுங்கள்.

307 மீட்டர் செங்குத்துப் பாறை, வட அகலக்கோடு 71 பாகை 10 கலை 21 விகலை. இரும்பு உருண்டைக்கு முன்னால் எல்லாரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள், ஆனால் பஸ்ஸால் இறங்கியதும் ஓடவேண்டாம். முதல் இருபது நிமிடம் எல்லாரும் அங்கே நிற்பார்கள், பிறகு குளிர் தாங்காமல் கோப்பி குடிக்க உள்ளே போவார்கள். அந்த நேரத்தில் உருண்டை உங்களுக்கே. உள்ளே கீழ்த்தளத்துக்குப் போகும் சுரங்கப்பாதையில் ஒரு சிறு தாய்லாந்துக் காட்சியறை இருக்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை. 1907இல் சயாம் அரசர் சுலலொங்கொன் இவ்வளவு தூரம் வந்து போனதன் நினைவு அது. இன்னொரு சங்கதி: உண்மையான வடக்கு முனை இதுவல்ல. மேற்கே தட்டையாகக் கடலுக்குள் நீளும் க்னிவ்ஷெல்லொதன் என்ற நாக்கு இன்னும் வடக்கே போகிறது. விளிம்பில் நின்றால் இடது பக்கம் தெரியும். அங்கே போக ஒன்பது கிலோமீட்டர் நடை, கப்பல் நேரத்துக்குள் நடவாத காரியம்.

நோர்காப்புக்குப் போகாதவர்கள் ஹொன்னிங்ஸ்வோக்கிலேயே தேவாலயம்வரை நடவுங்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை பின்மார்க் முழுவதையும் எரித்தபோது இந்த ஊரில் நிமிர்ந்து நின்ற ஒரே கட்டடம் அது. திரும்பி வந்தவர்கள் அதற்குள்ளேயே படுத்தார்கள், சமைத்தார்கள். எரிந்த ஊர் ஒன்றை நானும் விட்டுவிட்டு வந்தவள், அந்த வாங்கில் கொஞ்ச நேரம் இருப்பேன்.

இரண்டாவது, தெற்கே வரும்போது ஹார்ஸ்தாவில் காலையில் இறங்கி, பஸ்ஸில் வெஸ்தரோலன் தீவுகள் வழியாக ஓடி, ஸோர்ட்லாந்தில் கப்பலைப் பிடிப்பது. துரொண்டனெஸ் கற்கோயில், ஒரு சிறு படகுப் பாதை, வயல், மலை. ஆனால் நான் காசு கொடுப்பது கடைசி ஐந்து நிமிடத்துக்கு. பஸ் ஸோர்ட்லாந்துப் பாலத்தின் மேல் ஏறும் நேரத்துக்குக் கப்பல் பாலத்துக்குக் கீழே வரும். மேலே இருந்து நாங்கள் கை காட்ட, கீழே கப்பல் ஊத, பஸ்ஸில் இருக்கும் எழுபது வயதுக்காரர்கள்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கத்துவார்கள். பஸ்ஸில் எந்தப் பக்கம் இருப்பது என்று வழிகாட்டியிடம் ஏறும்போதே கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. ரிசோயா கால்வாயைக் கப்பல் கடக்கும் காலை நேரம் உங்களுக்குக் கிடைக்காது. கடலடியைத் தோண்டி 1922இல் திறந்த ஒடுங்கிய வழி, இரண்டு பக்கமும் மிதவைக் குறிகள், பச்சை நிறமாகத் தண்ணீர். இரண்டாம் தடவை போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இதைப் பாருங்கள்.

மூன்றாவது கோடைக்கு மட்டும்: வடதுருவ வட்டம் தாண்டியதும் நடுக்கடலில் சிறு படகுக்கு மாறி ஸ்வார்த்தீசன் பனியாற்றுக்குப் போய், பூடோவில் கப்பலைப் பிடிப்பது. நோர்வேயின் இரண்டாவது பெரிய பனியாறு. முழங்கால் நோ உள்ளவர்கள் விலகிக்கொள்ளுங்கள், படகில் இருந்து இறங்கியதும் நடை இருக்கிறது.

பூடோவில் சால்ஸ்த்ரௌமன் நீரோட்டத்தைப் பார்க்கப் படகு, பஸ் இரண்டும் விற்பார்கள். 150 மீட்டர் அகல இடுக்கு வழியாக ஆறு மணிக்கொருமுறை கடல் உள்ளே போய் வெளியே வரும், சுழிகள் வாய் திறக்கும். ஆனால் உங்கள் கப்பல் நிற்கும் நேரமும் ஓட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் பொருந்தவேண்டும். அன்றைய வற்றுப்பெருக்கு நேரத்தை வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அமாவாசை, பூரணைக்குக் கிட்டவென்றால் நல்லது. பொருந்தாவிட்டால் ஒரு வாய்க்காலைத்தான் பார்ப்பீர்கள்.

நாய் வண்டி, பனி வண்டி, நண்டுப் படகு எல்லாம் அவரவர் ஆசை. கிர்க்கனஸில் ராஜநண்டுக்குப் போய்வந்த பெறாமகன் அதைப் பற்றி இன்னும் கதைக்கிறான். நான் நண்டு சாப்பிட அவ்வளவு காசு கொடுக்கமாட்டேன், பதின்மூன்று வருடம் மீனோடு நின்றவள்.

இறங்கவே வேண்டாதவை

இந்தப் பயணத்தின் நல்ல காட்சிகளில் பாதிக்கு டிக்கெட்டே இல்லை. மேல்தளத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். அறிவித்தல் கேட்டதும் வெளிக்கிட்டால் பிந்திவிடும், உடுப்புப் போடவே பத்து நிமிடம். முதல் நாள் பின்னேரமே கப்பலைச் சுற்றி நடந்து, முன்பக்கக் கதவு எது, காற்று அடிக்காத மூலை எது, இரவில் விளக்கு வெளிச்சம் விழாத இடம் எது என்று பார்த்து வையுங்கள்.

நான்காம் நாள் காலை கப்பல் வடதுருவ வட்டத்தைக் கடக்கும். விக்கிங்கன் என்ற சிறு பாறைத்தீவில் ஒரு உருண்டைக் கம்பிக்கூடு. கண் சிமிட்டினால் போய்விடும், பல்லுத் துலக்கிக்கொண்டிருந்து தவறவிட்டவர்கள் பலர். அதற்குப் பிறகு கடல் தெய்வம் வேடத்தில் ஒருவர் வந்து, விரும்பியவர்களின் கழுத்துக்குப் பின்னால் அகப்பையால் ஐஸ் தண்ணீர் ஊற்றுவார். ஐஸ் துண்டோடுதான். தலையைக் குனிந்து நின்றால் முதுகு முழுக்க ஓடும், நிமிர்ந்து நின்று சட்டையைப் பின்னால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் கழுத்தோடு நிற்கும். இதை நான் பெறாமகனுக்குச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது இதே இடத்தில் ஒரு கரண்டி மீன் எண்ணெய் தருவார்கள்.

அந்தத் திரும்பும் நாளில் மத்தியானம் மேல்தளத்தை விட்டு நகராதீர்கள். ஏழு சகோதரிகள் மலை வரிசையாக வரும், பின்னேரம் துளை விழுந்த துர்ஹாத்தன் மலை. குதிரைவீரன் ஒருவன் ஒரு பெண்ணைத் துரத்தினானாம், அகப்படாத கோபத்தில் அம்பு விட்டானாம். ஒரு அரசன் தன் தொப்பியைக் குறுக்கே எறிந்து அவளைக் காப்பாற்ற, அம்பு தொப்பியைத் துளைத்தது. அதற்குள் சூரியன் உதித்து எல்லாரும் கல்லானார்கள். அந்தத் தொப்பிதான் துர்ஹாத்தன். துளை 160 மீட்டர் நீளம். ஆனால் கப்பலில் இருந்து அது தெரிவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில், சில நிமிடம் மட்டும். பிள்ளைகளுக்குக் கதையைக் காலையிலேயே சொல்லிவிட்டால் குதிரைவீரனையும் சகோதரிகளையும் தொப்பியையும் அவர்களே தேடிப் பிடிப்பார்கள்.

துரோல்பியோர்ட் இரண்டு கிலோமீட்டர் நீளம், வாயில் சுமார் நூறு மீட்டர் அகலம். கப்பல் உள்ளே போய், முடிவில் தன் இடத்திலேயே சுழன்று திரும்பும். முன்பக்கத்தில் எல்லாரும் நெருக்குவார்கள். நீங்கள் பின்பக்கம் போங்கள். நுழைந்த வாசல் பாறைக்குள் மூடிக்கொள்வதும், சுழலும்போது பின்பகுதி பாறைக்குக் கிட்டப் போவதும் அங்கேதான் தெரியும். குளிர்காலத்தில் உள்ளே போவதில்லை.

வடதுருவ ஒளி இரவில் எந்த மணிக்கும் வரலாம். அறைத் தொலைபேசியில் அதற்கான அறிவித்தலை நிறுத்தியும் வைக்கலாம், திறந்தும் வைக்கலாம். திறந்து வையுங்கள். நித்திரை உடுப்புக்கு மேலேயே போடக்கூடிய ஒரு கனத்த காற்சட்டையும் சப்பாத்தும் கதவோரம் இருக்கட்டும். முக்காலி கொண்டுவரவேண்டாம், கப்பல் அதிர்வில் முக்காலியும் அதிரும். போனை இரவுப் படநிலையில் வைத்து, முழங்கையை விலாவில் ஒட்டிப் பிடித்து, ஒரு வினாடி இரண்டு வினாடி போதும். சாம்பல் முகில் மாதிரி ஏதாவது அசைந்தால் போனை நீட்டிப் பாருங்கள், கண்ணுக்கு முந்தி அதில் பச்சை தெரியும்.

உடுப்பில் ஒரே விதி: தோலோடு ஒட்டுவது கம்பளியாக இருக்கவேண்டும். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்து உங்களைக் குளிரில் நனைத்துவிடும். முதல் வருடம் பருத்திக் காலுறையோடு தொழிற்சாலைக்கு நடந்து கால்விரல் மரத்துப்போன எனக்கு இது புத்தகத்தில் படித்த விசயமல்ல. மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று, நடுவில் எத்தனை வேண்டுமானாலும். யூலையிலும் தொப்பி வேண்டும்.

கடல் குமட்டலுக்கு: தீவுகளுக்குள் ஓடும்போது கப்பல் குளம் மாதிரிப் போகும். திறந்த கடல் துண்டுகள்தான் ஆட்டும். முதலிரவு ஸ்தாத் முனை, மொல்டவுக்குப் பிறகு ஹூஸ்தாவிக்கா, பூடோவுக்கும் லொபூத்தனுக்கும் இடையில் வெஸ்த்பியோர்ட், நோர்காப்புக்குக் கிழக்கே பாரென்ஸ் கடல். மாத்திரையை ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனமில்லை, அட்டவணை பார்த்து ஒரு மணி நேரம் முந்திப் போடுங்கள். அறை பதியும்போது கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி என்று கேட்டால் ஆட்டமும் குறைவு, காசும் குறைவு.

பொட்ஸ்பியோர்டில் இறங்கத் தேவையில்லை. தெற்கே வரும்போது இரவில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், பார்க்க ஒன்றுமில்லை. நான் மட்டும் இறங்குவேன். பாரந்தூக்கி வண்டி மீன் பெட்டிகளை அடுக்கடுக்காக உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கும், ஓட்டுகிற பெடியனுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிற்பேன். அக்கரையில் தொழிற்சாலை யன்னல்களில் வெளிச்சம். மணம் அதேதான். கூட வந்தவர்கள் மேல்தளத்தில் இருந்து "அக்கா, ஏறுங்கோ, பாலம் எடுக்கப் போறாங்கள்" என்று கத்தும்வரை நின்றுவிட்டு, அட்டையைக் காட்டி உள்ளே போவேன்.